கோழிக்கும் ஓமத் திரவம்!

கோழிக்கு வயிறு சரியில்லையென்றால் உங்களுக்கென்ன, எனக்கென்ன? ஞாயிற்றுக்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு போய், ‘‘ஒரு கிலோ... தோல் வேண்டாம், சின்னச் சின்னதா வெட்டு’’ என்று சொல்வதோடு நம் ஜோலி முடிந்தது. போன வாரம் அந்தக் கோழிக்குப் பேதி இருந்ததா, அதற்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

ஆனால் கேட்டுத்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது. கோழியின் பேதிக்குக் கொடுக்கிற மருந்துக்கும், நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதுகிற மருந்துக்கும் நெருங்கிய சொந்தம் இருக்கிறது. அதனால்தான், ‘ஆன்டிபயாடிக்கைத் தூக்கிப் போடு, ஓமம் கொடு, பூண்டு கொடு, மஞ்சள் கொடு’ என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. நிஜமாகவே ஓமத்துக்கு அந்தச் சக்தி உண்டா? பார்த்துவிடலாமே என்று பல்லடத்துக்கு பஸ் ஏறினேன்.

ஏன் பல்லடம்? முட்டைக்கு நாமக்கல் என்றால் கறிக்கோழிக்குப் பல்லடம். உயிர்க்கோழி பண்ணை விலை அங்கேயிருந்துதான் அறிவிக்கப்படுகிறது. பொங்கலூர், சுல்தான்பேட்டை, உடுமலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னந்தோப்புக்கு நடுவே நீளமாக ஒரு கொட்டகை, பக்கச்சுவர் முழுக்கக் கம்பி வலை, உள்ளே வெள்ளை வெளேரென்று ஆயிரக்கணக்கில் ஜீவன்கள்.

நான் போனது 5,000 கோழி வளர்க்கிற ஒரு பண்ணை. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

‘‘ஏனுங்ணா, கோவிச்சுக்காதீங்க. செருப்பைக் கழட்டிப்போட்டு, அந்த மருந்துத் தண்ணியில கால நனைச்சுட்டு வாங்க. ஊர்ல இருக்கற சீக்கெல்லாம் செருப்புலதான் வருது.’’

சொன்னது பண்ணைக்காரரின் மருமகள். பத்திரத்தில் பெயர் பெரியவருடையது. பண்ணையில் சட்டம் மருமகளுடையது. பெரியவரே கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோழிகளுக்கு அன்றைக்கு 22 நாள் வயது. வரும்போது ஒரு குஞ்சு 40 கிராம் சொச்சம்தான். ஐந்து, ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தொட்டுவிடும். ‘ஹார்மோன் ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி அடிக்கடி வரும். தயவுசெய்து நம்பாதீர்கள். 5,000 கோழியைப் பிடித்துப் பிடித்து ஊசி போட ஆள் கூலி கொடுத்தால் கோழியை யாரும் விலைக்கு வாங்க முடியாது. பல தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததும், கணக்குப் போட்டுக் கொடுக்கிற தீவனமும்தான் அந்த வளர்ச்சிக்குக் காரணம். ஆக, எல்லாப் பாரமும் குடலின் தலையில். குடல் நன்றாக இருந்தால் தீவனம் கறியாகும். இல்லாவிட்டால் எருவாகும்.

மருமகள் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துக் காட்டினார். ஜோசியர் ஜாதகம் பார்ப்பது போல அவர் எச்சம் பார்க்கிறார்!

‘‘இது நல்ல எச்சம்ங்ணா. உருண்டையா, மேல வெள்ளைத் தொப்பி போட்டாப்பல இருக்கும். இங்க பாருங்க... ஆரஞ்சு கலர்ல கொழகொழன்னு கெடக்குது. உள்ள மக்காச்சோளம் செரிக்காம அப்படியே இருக்குது பாருங்க.’’

‘‘மூணாவது வாரந்தானுங்க கண்டம்’’ என்றார் பெரியவர். ‘‘போன ரெண்டு பேட்ச்சும் இப்படித்தான் ஆச்சு. சாவு ஒண்ணும் நெம்ப இல்லீங்க. எடைதான் வரல.’’

கோழியின் குடலைக் கெடுப்பதில் முக்கியமான எதிரிகள் இருவர். ஒருவன், ரத்தக் கழிச்சலை உண்டாக்குகிற ‘ஐமீரியா’ என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. இவனுடைய முட்டைகள் எச்சத்தில் வெளியே வந்து, தரையில் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளிலேயே தயாராகிவிடும். கோழி தரையைக் கொத்தும்போது உள்ளே போய், குடல் சுவரின் செல்லுக்குள் புகுந்து, பெருகி, செல்லை வெடிக்க வைத்துக்கொண்டு வெளியே வரும். சாதாரணக் கிருமிநாசினிக்கெல்லாம் அசையாது.

இரண்டாமவன், ‘கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்’ என்ற பாக்டீரியா. இவன் ஆரோக்கியமான கோழியின் குடலிலும் கொஞ்சமாக, சாதுவாக இருப்பான். ஐமீரியா குடல் சுவரைக் கிழித்ததும் அங்கே கசிகிற புரதச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு ஆயிரமாகி லட்சமாகிவிடுவான். பூட்டை உடைக்கிறவன் ஒருத்தன், வீட்டைக் காலி பண்ணுகிறவன் இன்னொருத்தன்! இவனில் சில ரகங்கள் கக்குகிற ‘நெட்-பி’ என்ற விஷத்தை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். குடலின் செல்களில் ஓட்டை போடுவதுதான் அதன் வேலை. நோய் முற்றிய கோழியை அறுத்துப் பார்த்தால் குடலின் உட்புறம் சொரசொரவென்று டர்க்கி டவல் மாதிரி இருக்கும் என்று டாக்டர்களின் பாடப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. ‘குடல் அழுகல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் ‘சாவு இல்லை’ என்று சொன்னதைக் கேட்டு சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். செத்த கோழி எண்ணிக்கையில் தெரிந்துவிடும். சாகாமல், பளிச்சென்று நோயும் காட்டாமல், உள்ளுக்குள் குடல் நைந்த கோழிதான் ஆளைக் கவிழ்க்கிறது. கணக்குப் பாருங்கள். 2 கிலோ கோழிக்கு 3.2 கிலோ தீவனம் போதும் என்கிற இடத்தில் 3.4 கிலோ ஆகிவிட்டது என்று வையுங்கள். 200 கிராம்தானே? 5,000 கோழிக்கு ஒரு டன்! கிலோ 40 ரூபாய் என்று போட்டால்கூட 40,000 ரூபாய் எச்சமாகப் போச்சு.

இதில் இன்னொரு சிக்கல். இந்தப் பக்கம் பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு பண்ணைக்காரருடையது. கோழியைத் திருப்பிக் கொடுக்கும்போது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தீவனச் செலவு ஏறினால் கூலி இறங்கும். மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்று தீர்மானிப்பவர் ஒருவர், அது கோழியில் பலிக்காவிட்டால் கூலியில் அடி வாங்குபவர் இன்னொருவர். ‘‘தீவனத்துல கைவெக்க நமக்கு பாத்தியதை இல்லீங்க. தண்ணி மட்டுந்தான் நம்முளுது’’ என்றார் பெரியவர். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை மருந்து பற்றி யார் என்ன சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டுகிறது.

சரி, ஆன்டிபயாடிக் எப்படிக் கோழித் தீவனத்துக்குள் நுழைந்தது? தற்செயலாகத்தான். 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், ஆன்டிபயாடிக் தயாரித்தபிறகு மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ‘பி-12’ வைட்டமின் கிடைக்குமே என்று ஒரு சிக்கனப் புத்தி. குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன! சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த துளி ஆன்டிபயாடிக்தான் காரணம் என்று தெரிந்ததும், உலகம் முழுக்க நோயே இல்லாத கோழிக்கும் தினம் ஒரு சிட்டிகை என்று பழக்கமாகிவிட்டது.

தினம் ஒரு சிட்டிகை கொடுத்தால் கிருமி என்ன செய்யும்? பழகிக்கொள்ளும். பழகின கிருமி கோழியோடு நிற்காது. ஸ்வீடன் 1986-லேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதற்குத் தடை போட்டது. ஐரோப்பிய யூனியன் முழுக்க 2006 ஜனவரி முதல் தடை. நம் நாட்டில் 2019 ஜூலையில் ‘கோலிஸ்டின்’ என்ற மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக்கூடாது என்று மத்திய அரசு தடுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில், வேறு எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசி ஆயுதமாக டாக்டர்கள் கையில் எடுக்கிற மருந்து அது. அதைப் போய்க் கோழி கொழுக்கத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம்!

தடை வந்ததும் மாற்று தேட ஆரம்பித்தார்கள். பண்ணை மருந்துக் கடைக்குப் போய்ப் பாருங்கள். அலமாரி அலமாரியாக டப்பா, பாக்கெட், கேன். லேபிளில் பச்சை இலை படம் இல்லாத டப்பா ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பெயர்களைப் படித்தால் வாய் சுளுக்கிக்கொள்ளும். ஆனால் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற சரக்கைப் பார்த்தால் பாதி நம் அடுக்களை!

‘தைமால்’ என்று போட்டிருக்கிறதே, அது என்ன? நம் ஓமத்துக்கு வாசனை கொடுப்பதே அதுதான். குழந்தை வயிற்றுவலி என்று அழுதால் பாட்டி ஒரு ஸ்பூன் ஓமத் திரவம் புகட்டினாளே, அந்த நெடி. ‘சின்னமால்டிஹைடு’ என்றால் பட்டை. ‘அல்லிசின்’ என்றால் பூண்டை நசுக்கியதும் வருகிற நாற்றம். மஞ்சளுக்கு ‘குர்குமின்’. இவற்றில் தைமாலும் பட்டைச் சத்தும் பாக்டீரியாவின் மேல்தோலையே குலைத்துவிடும் என்பது ஆய்வுக்கூடத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம்.

அடுத்தது, ‘பியூட்டிரிக் அமிலம்’. வெண்ணெய்க்கான லத்தீன் பெயரிலிருந்து வந்த பெயர். ஆனால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தால், ஒரு மாதம் ஊசிப்போன வெண்ணெய்! கடைக்காரர் திறந்து காட்டினார். சாயங்காலம் வரை காபி இறங்கவில்லை. ஆனால் குடல் சுவரின் செல்களுக்கு இதுதான் சாப்பாடு. நைந்த சுவர் புதுப்பித்துக்கொள்ள இது உதவுகிறது. வெறுமனே கொடுத்தால் குடலின் தேவையான இடத்துக்குப் போவதற்குள் வழியிலேயே கரைந்துவிடும் என்பதால், கொழுப்புப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது ரகம்தான்... நல்ல பாக்டீரியா. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிந்ததும் என்ன செய்யும்? அம்மாவின் பின்னாலேயே போய், அம்மா கிளறிய குப்பையையும் அம்மாவின் எச்சத்தையும் கொத்தும். நமக்கு அருவருப்பு, குஞ்சுக்கு அது சீதனம். அம்மாவின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் முதல் நாளே குஞ்சின் குடலில் குடியேறிவிடும். கெட்டவன் வந்தால் உட்கார இடம் இருக்காது. இன்குபேட்டரில் பொரிந்த கறிக்கோழிக் குஞ்சு அம்மா முகத்தையே பார்த்ததில்லை. அதன் குடல் காலி மனை! யார் முதலில் வருகிறானோ அவன் பட்டா போட்டுக்கொள்வான்.

1971-ல் பின்லாந்தில் கறிக்கோழிகளில் சால்மொனெல்லா என்ற கிருமி பரவியது. எஸ்கோ நூர்மி என்ற விஞ்ஞானி, வளர்ந்த நல்ல கோழியின் குடலில் இருப்பதை எடுத்துக் குஞ்சுகளுக்குப் புகட்டினார். புகட்டிய குஞ்சுகளில் அந்தக் கிருமி ஒட்டவில்லை. ரன்டலா என்பவரோடு சேர்ந்து 1973-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார். இன்று பாக்கெட்டில் வருகிற ‘புரோபயாடிக்’ எல்லாம் அந்த யோசனையின் பேரன் பேத்திகள். ‘பேசில்லஸ்’ என்ற வகை விதை மாதிரி சுருண்டு உறங்கும். தீவனத்தைக் குருணையாக்கும்போது 80 டிகிரி சூட்டில் வேகவைத்தாலும் பிழைத்திருக்கும். தயிரில் இருக்கிற லாக்டோபேசில்லஸ் அந்தச் சூட்டில் காலி; தண்ணீரில்தான் கொடுக்கவேண்டும்.

இவ்வளவு கேட்டதும், ‘அப்போ ஓமம் போதும், ஆன்டிபயாடிக்குக்கு டாட்டா’ என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். பக்கத்து ஊர் கால்நடை டாக்டர் விடவில்லை. மருமகள் செத்த கோழி இரண்டைப் பையில் போட்டு அவரிடம் கொண்டுபோனபோது நானும் தொற்றிக்கொண்டேன்.

டாக்டர் கத்தரியால் சரக்கென்று குடலைத் திறந்தார். உப்பலாக, காற்று நிரம்பி, உள்ளே தவிட்டு நிறத்தில் படலம். டர்க்கி டவல்!

‘‘ரெண்டும் இருக்கும்மா. ரத்தக் கழிச்சல் முன்னாடி வந்து கதவைத் திறந்து விட்டிருக்கு.’’

‘‘ஓமமும் பூண்டும் அரைச்சுத் தண்ணியில விட்டா கேக்குமுங்களா சார்?’’

‘‘இப்ப கேக்காது. வீடு பத்திக்கிட்ட பிறகு வாசல்ல தண்ணி தெளிச்சுக் கோலம் போடறாப்பல ஆயிடும். ஓமம், அமிலம், நல்ல பாக்டீரியா எல்லாம் முதல் நாள்லேர்ந்து கொடுத்தா குடலைத் திடமா வெச்சுக்கும். வந்துட்ட நோய்க்கு மருந்து கொடுத்துத்தான் ஆகணும். நான் எழுதித் தர்றேன், எழுதின நாள் வரைக்கும் கொடு. அரைகுறையா நிறுத்தாதே. கடைசி மருந்துக்கும் கோழி விக்கறதுக்கும் நடுவுல எத்தனை நாள் விடணும்னு சீட்டுல இருக்கு. அதுல ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது.’’

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

‘‘ஓமம் வேணாங்கல. ஆனா உன் கொட்டகையில நிப்பிள் ஒழுகுதே, அதுக்கு என்ன கஷாயம் வெச்சிருக்கே?’’

மருமகள் முதன்முறையாகப் பதில் சொல்லாமல் நின்றார்.

நிப்பிள் என்றால் கோழி மூக்கால் தட்டித் தண்ணீர் குடிக்கிற குழாய் முனை. அது ஒழுகினால் கீழே ‘லிட்டர்’ நனையும். லிட்டர் என்றால் பால் அளக்கிற லிட்டர் இல்லை. கோழிக்கு மெத்தையாகத் தரையில் பரப்புகிற கூளம். இந்தப் பக்கம் தென்னை நார்க்கழிவு. அது நனைந்தால் ஐமீரியா முட்டைக்குப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்த மாதிரி! ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டு விரலை விரிக்கவேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி நின்றால் ஆபத்து. ஸ்வீடன்காரர்களும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தியது மந்திரப் பொடியால் இல்லை. காய்ந்த கூளம், சுத்தமான கொட்டகை, திருத்திய தீவனம், கூடவே ஐமீரியாவை அடக்க ‘அயனோஃபோர்’ என்கிற மருந்துகள். அந்த மருந்து ஐரோப்பாவில் இன்றும் தடையில்லை. (அது கலந்த கோழித் தீவனத்தைக் குதிரை தின்றால் குதிரை செத்துப்போகும். குதிரை வைத்திருக்கும் வாசகர்கள் கவனிக்கவும்!)

இயற்கைச் சரக்கில் வேறு தொல்லைகளும் உண்டு. ஓமத்தின் சத்து ஊருக்கு ஊர், அறுவடைக்கு அறுவடை மாறும். வாசனைதான் மருந்து, மூட்டையைத் திறந்து வைத்தால் வாசனையோடு மருந்தும் பறந்துவிடும். பரிசோதனைகளும் ஒரே குரலில் பேசவில்லை. படு சுத்தமான ஆராய்ச்சிப் பண்ணையில் போட்டால் வித்தியாசமே தெரியாது. நோய்த் தொல்லை உள்ள இடத்தில் போட்டால் எடை கொஞ்சம் கூடுகிறது. வீட்டில் பூண்டு, மஞ்சள் அரைத்துத் தண்ணீரில் விடுகிறவர்கள் துணியில் வடிகட்டாமல் விட்டால் சக்கை போய் நிப்பிளை அடைக்கும். குழாய்க்குள் பாசி பிடிக்கும். தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கிற நாளில் அமிலத்தையும் குளோரினையும் நிறுத்தாவிட்டால் தடுப்பு மருந்து குழாய்க்குள்ளேயே செத்துவிடும். ஆன்டிபயாடிக்கையும் புரோபயாடிக்கையும் ஒரே டாங்கில் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். விருந்தாளியை வரச்சொல்லி லெட்டர் போட்டுவிட்டு, வாசலில் நாயை அவிழ்த்து விடுகிற கதை!

நாட்டு வைத்தியத்தில் கோழிக் கழிச்சலுக்குச் சீரகம், மிளகு, கீழாநெல்லி, மஞ்சள், வெங்காயம், பூண்டு அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். முற்றத்தில் பத்துக் கோழி வைத்திருந்தால் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்கலாம். 5,000 கோழிக்கு யார் உருட்டுவது? அதோடு, வெள்ளைக் கழிச்சல் என்பது ராணிக்கெட் வைரஸ். அதற்குத் தடுப்பூசிதான், எந்த உருண்டையும் பதில் ஆகாது.

ஆக, ஓமத்துக்கு உரிய இடம் தீவன மூட்டை. அதுவும் முதல் நாளிலிருந்து, அளவு தெரிந்து. மூட்டையின் சாவியோ கம்பெனியிடம். ‘என் தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது’ என்று மூட்டை மேலேயே அச்சடித்துக் கொடு என்று கேட்கிற உரிமையாவது வளர்ப்பவருக்கு வேண்டும் என்பது என் கட்சி. கோழி தின்பது என்னவென்று தெரியாமலேயே குடலுக்கு மட்டும் ஜவாப்தாரியாக இருக்கச் சொல்வது என்ன நியாயம்?

ஒரு மாதம் கழித்துப் பெரியவருக்குப் போன் செய்தேன். மருந்து கேட்டதாம். சீட்டில் எழுதிய நாள் முடியும்வரை கோழியைப் பிடிக்க விடாமல் மருமகள் லாரியைத் திருப்பி அனுப்பினாராம், சூப்பர்வைசர் முறைத்தாராம். எடை முந்தின பேட்ச்சைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. கூலி இன்னும் கைக்கு வரவில்லை. பழைய கூளத்தை வாரி, தரைக்குச் சுண்ணாம்பு அடித்து, கொட்டகையைக் காயப் போட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை புதுக் குஞ்சு.

‘‘அம்மிணி டவுனுக்குப் போயி வந்துச்சுங்க. ஒழுகற நிப்பிள் அத்தனையும் மாத்தறதுக்குப் புதுசு வாங்கியாந்திருக்குது.’’

‘‘ஓமம் வாங்கலையா?’’

‘‘வாங்குச்சுங்க, கால் கிலோ. எனக்குத்தான் ரெண்டு நாளா வயிறு சரியில்லீங்க!’’